நாலாம் கட்டில் கேட்டது

சித்திரைப் பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
கொழும்பிலிருந்து என்னைத் திருகோணமலைக்கு அனுப்பியபோது
கடல் பார்க்கலாம் என்றார்கள்.
அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் யன்னல்கள் திறப்பதில்லை.
கடலை நான் அறிந்தது
காலை வேலைக்கு வரும் தாதியரின்
குடைக்கம்பிகளில் ஏறிய துருவால்.

ஆறு கட்டில்.
ஒன்றில் தம்பலகாமத்து எலிக்காய்ச்சல், சிறுநீர் இறங்கவில்லை.
இரண்டில் சீனன்குடா வளைவில்
மோட்டார் சைக்கிளோடு கவிழ்ந்த பையன்.
நாலில் கிண்ணியா நசுறுதீன்,
வெங்காயக் கொட்டிலில் பாய் விரித்துப் படுத்தவர்.
விடியச்சாமம் வயிற்றுவலி என்றாராம்.
பிறகு இமை விழுந்தது,
பிறகு நாக்கு,
பிறகு மூச்சு.

கடிவாயைத் தேடினோம்.
சிஸ்டர் ஜெசிந்தா டோர்ச் பிடித்தாள்.
காதுமடலுக்குப் பின்னால் இரண்டு புள்ளி,
நுளம்புக்கடியைவிடச் சிறிது.
கண்டங்கருவளை ஆளை எழுப்பாமல் கடிக்கும்.

நச்சுமுறி ஏற்றினோம்.
குழாய் இறக்கினேன்,
பயிற்சிக் குறிப்பேட்டில் எனது நாற்பத்தோராவது.
'தனியாக' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.
வெண்டிலேட்டர் நிமிடத்துக்குப் பதினாலு தரம்
அவருக்காக மூச்செடுத்தது.
வெளிச்சம் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை.
கிள்ளினால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல்
கை கிடந்தது.

இரவு இரண்டு மணிக்குமேல்
அங்கே பேசுவதெல்லாம் இயந்திரம்.
நித்திரையை விரட்ட நான்
நாலாம் கட்டிலின் தலைமாட்டில் நின்று
வாய்மொழிப் பரீட்சைக்குப் பாடமாக்கினேன்.
கேட்பவர்களுக்குப் பிடித்த கேள்வி:
மூளைச்சாவை எப்படி உறுதிசெய்வீர்?
சத்தமாக,
பரீட்சகரின் முகமென்று நினைத்து
அவர் முகத்தைப் பார்த்து:
"முதலில் விலக்க வேண்டியவை.
குளிர்ந்த உடல். தூக்க மருந்து.
உப்பு, சீனி, இவற்றின் குழப்பம்.
பிறகு கண்மணி.
பிறகு கருவிழியைப் பஞ்சால் தொடுதல்.
பிறகு இயந்திரத்தைக் கழற்றி
மூச்செடுக்கிறாரா என்று பார்த்து நிற்றல்."
எத்தனை நிமிடம் என்பதில் தடுமாறினேன்.
திரும்பவும் தொடக்கத்திலிருந்து.
மூன்று இரவு.

ஆறாம் நாள் ஒரு பெருவிரல்.
ஏழாம் நாள் புருவம்.
பத்தாம் நாள் குழாயைக் கழற்றினேன்.
இருமி, துப்பி,
பிளேன்ரீ கேட்டார், சீனி கூடப் போட்டு.
கதவடியில் நின்ற மனைவி றிபாயா
அழுதாளா சிரித்தாளா,
முகக்கவசத்துக்கு மேலே தெரியவில்லை.

பின்னேரம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.
குரல் இன்னும் மரத்தூள்.
"டொக்டர், அந்தப் பாடம்…"
"எந்தப் பாடம்?"
"ஆள் மௌத்தா இல்லையா எண்டு பாக்கிற பாடம்.
எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தன்.
மொத ராவு நாலு சொன்னீங்க.
குளிர், மருந்து, உப்பு சீனி, நஞ்சு.
அடுத்த ரெண்டு ராவும் ஒண்டை விட்டுட்டீங்க.
உள்ளுக்குக் கெடந்து கத்தினன்.
நஞ்சு, டொக்டர். நஞ்சு."

ஹெட்டியாராச்சி சேரிடம் அன்றே சொன்னேன்.
இல்லை, சொல்லவில்லை.
சொல்லப் போய்
அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்தேன்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

இரவு வெளியே போனேன்.
பிணவறைப் பக்கம் நகரத்து மான்கள் இரண்டு
சேலைன் பெட்டியின் மட்டையைச் சப்பிக்கொண்டு நின்றன.
என்னைப் பார்த்தும் நகரவில்லை.
கட்டடங்களுக்கு அப்பால், இரண்டு மாதத்தில் முதல்தடவை,
கடல் கேட்டது.

உள்ளே வந்து
இரண்டாம் கட்டிலருகே குனிந்தேன்.
இன்னும் கண் திறக்காத பையன்.
"தம்பி, நான் டொக்டர் மயூரதி.
இண்டைக்கு வியாழன்.
வெளியில நல்ல வெயில் எறிச்சது.
இப்ப உம்மட வாயைத் துடைக்கப் போறன்."
பஞ்சை நனைத்தேன்.

எதிரே, போர்வைக்குள்ளிருந்து நசுறுதீன்:
"அஞ்சு நிமிசமா, பத்தா?
அதையும் ஒருக்கா சரி பாத்துக்குங்க."